ஆமென் சொல்லாத ஆவி

பேய்ப்படம் என்று சொல்லித்தான் நண்பன் அனுப்பினான். 1937-ல் போலந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், பேர் 'டிபுக்', கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழி, கல்யாணப் பெண்ணுக்குள் செத்துப்போன ஒருத்தன் புகுந்துகொள்கிற கதை, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார் என்றான். அப்படியே செய்தேன். பயம் மட்டும் வரவில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் பாதி நேரம் பாட்டும் ஜெபமும் ஆட்டமும், மீதி நேரம் தாடி வைத்த பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கதவு தானாகத் திறக்கவில்லை, யாரும் சுவரில் ஏறவில்லை. முதல் அரைமணி நேரம் உண்மையிலேயே இழுவை. சரி, பழைய படம், நாம்தான் பழகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கிப்போனேன்.

நாலைந்து நாள் கழித்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. பேயை ஓட்டுவதற்கு முன்னால் எதற்கு அவர்கள் ஒரு கோர்ட்டு நடத்தினார்கள்? பெண் கஷ்டப்படுகிறாள், உள்ளே ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறான், ஊரே கூடி நிற்கிறது. அந்த நேரத்தில் பூசாரி மந்திரத்தை நிறுத்திவிட்டு, வழக்கு ஒன்று இருக்கிறது, முதலில் அதை விசாரிக்கவேண்டும் என்கிறார். நான் பார்த்த எந்தப் பேய்ப்படத்திலும் பேய்க்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அப்புறம் அந்தப் படத்துக்கு மூலமான நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப்பிடித்துப் படித்தேன். அதில் கடைசி அங்கத்தில், யாரோ ஒருவர் போகிறபோக்கில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற ஒரு வரி இருக்கிறது. பயம் அங்கேதான் வந்தது, அதுவும் பட்டப்பகலில்.

பிறக்காத பிள்ளைகளுக்கு நிச்சயம்

கதை நமக்குப் புதிது இல்லை. சேந்தர், நிசன் என்று இரண்டு நண்பர்கள். படத்தில் இருவர் மனைவியும் பிள்ளையுண்டாகி இருக்கிறார்கள். உனக்குப் பெண்ணும் எனக்குப் பையனும் பிறந்தால் கட்டிவைத்துவிடுவோம் என்று கைகொடுத்துச் சத்தியம் செய்துகொள்கிறார்கள். நம் வீடுகளில் அண்ணனும் தங்கையும் விளையாட்டுப்போல் சொல்லி வைப்பார்களே, அதேதான். எங்கிருந்து வந்தான் என்று தெரியாத ஒரு வழிப்போக்கன் படம் முழுக்க வந்து நின்று வந்து நின்று போகிறான். இன்னும் பிறக்காத உயிரை வைத்து வாக்குக் கொடுக்கலாமா என்று அவன் கேட்கிறான். யாரும் காதில் வாங்குவதில்லை. நிசன் ஊர் திரும்பும் வழியில் தண்ணீரில் மூழ்கிப் போகிறான். சேந்தரின் மனைவி பிரசவத்தில் போய்விடுகிறாள். சேந்தர் பணக்காரன் ஆகிறான், காசை எண்ண எண்ணச் சத்தியம் மறந்துபோகிறது. நிசனின் மகன் கோனன் வேதம் படிக்கிற ஏழைப் பையனாக அதே ஊருக்கு வந்து, அதே வீட்டில் சாப்பிட்டு, சேந்தரின் மகள் லியாவின் மேல் ஆசை வைக்கிறான். இரண்டு பேருக்குமே பழைய சத்தியம் தெரியாது. சேந்தர் வசதியான இடத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், பட்டினி கிடந்து கபாலா என்கிற யூத மறைஞான ரகசியங்களுக்குள் தலையைவிட்டிருந்த கோனன், கடவுளை விட்டுச் சாத்தானைக் கூப்பிட்டு, ஜெப ஆலயத்திலேயே விழுந்து சாகிறான்.

கல்யாணத்தன்று ஊர்ப் பிச்சைக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறார்கள், வழக்கப்படி மணப்பெண் அவர்கள் ஒவ்வொருவரோடும் ஆடவேண்டும். கூனும் நொண்டியும் கிழவிகளும் லியாவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் பிடுங்கிப் பிடுங்கிச் சுற்றுகிறார்கள். நடனம் அமைத்த ஜூடித் பெர்க் மண்டையோட்டு முகமும் வெள்ளைப் போர்வையுமாகத் தானே வந்து மரணத்தின் நடனம் ஆடுகிறார். லியாவின் கண்ணுக்கு அந்த முகத்தில் கோனன் தெரிகிறான். படத்தில் இந்த ஒரு இடத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். ஜெர்மன் படங்களின் நிழலும் கோணலும் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அந்தக் கிழவிகளின் கால் தரையில் படுகிற விதம் யாரிடமும் கற்றதாக இல்லை. லியாவின் முகத்தில் களைப்பு ஏறி, அதற்குமேல் ஏதோ ஒரு நிம்மதி ஏறி, பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது.

பந்தலின் கீழ் மாப்பிள்ளை அவள் முகத்திரையைப் போடப்போகும்போது அவள் தள்ளிவிட்டு எழுந்து கத்துகிறாள்: நீ என் மாப்பிள்ளை இல்லை! ஓடிப்போய் ஊர் நடுவில் இருக்கிற ஒரு கல்லறையைக் கட்டிக்கொள்கிறாள். அது 1648-ல் யூதர்கள்மேல் நடந்த படுகொலைகளில் மணக்கோலத்திலேயே வெட்டப்பட்ட ஒரு ஜோடியின் கல்லறை. அந்த ஊரில் ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் அதைச் சுற்றி ஆடி, செத்த மணமக்களைச் சந்தோஷப்படுத்துவார்களாம். அங்கே விழுந்து எழுந்தவள் வாயிலிருந்து வருவது கோனனின் பேச்சு. என்னைப் புதைத்துவிட்டீர்கள், எனக்கென்று விதித்தவளிடம் திரும்பி வந்துவிட்டேன் என்கிறான்.

டிபுக் என்ற எபிரேயச் சொல்லுக்கு வேர், ஒட்டிக்கொள்வது. ஆதியாகமத்தில் ஆண் தன் தாய் தகப்பனை விட்டுத் தன் மனைவியோடே 'இசைந்திருப்பான்' என்று தமிழ் வேதாகமத்தில் படித்திருப்பீர்கள், எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பதும் அதே வேர்தான். பெண்டாட்டியோடு ஒட்டுவதும் பேயாக ஒட்டுவதும் ஒரே சொல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம்மிடமும் அதே கதைதானே. அவளைப் பேய் பிடித்தது, அவனுக்கு அவளைப் பிடித்தது. வித்தியாசம் ஒரு வேற்றுமை உருபில்தான் இருக்கிறது.

உடுக்கையும் கேள்வியும்

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, மதுரைக்குத் தெற்கே அம்மாவின் ஊரில், எதிர்வீட்டு அக்காவுக்குப் பேய் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கக்கூடாது என்று விரட்டியும் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கோடாங்கி உடுக்கையை அடிக்க அடிக்க அக்கா தலையை விரித்துப்போட்டு ஆடினாள். யாருடா நீ, எங்கே வந்து பிடிச்ச, உனக்கு என்ன வேணும்? இந்த மூன்று கேள்வியைத்தான் அவர் மாற்றி மாற்றிக் கேட்டார். ரொம்ப நேரம் கழித்து அவள் ஒரு பேரைச் சொன்னாள். பம்புசெட் பக்கம் தூக்குப் போட்டுக்கொண்ட பையன். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் எதற்குச் செத்தான் என்று தெருவுக்கே தெரியும்போல, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. கோடாங்கி அதற்குமேல் தோண்டவில்லை. கோழி, சுருட்டு, ஒரு பாட்டில் என்று கணக்குப் பேசி முடித்தார். உச்சியில் ஒரு கொத்து முடியைச் சுற்றிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். மரப்பட்டையிலிருந்து முடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அந்த நாடகத்தை எழுதிய அன்ஸ்கிக்கும் இப்படித்தான், நேரில் போய்க் கேட்டுத் தெரிந்ததுதான் எல்லாம். அவர் உண்மைப் பேர் ஷ்லோய்மே ஜான்வில் ராப்பபோர்ட். இளமையில் மதத்தை உதறிவிட்டு ரஷ்யப் புரட்சிக்காரர்களோடு போனவர், பிற்பாடு தன் ஜனங்களின் கதையைச் சேர்க்க வேண்டும் என்று திரும்பி வந்தார். 1912-லிருந்து 1914 வரை இன்றைய உக்ரைனில் இருக்கும் வோலின், பொடோலியா பகுதிகளில் ஊர் ஊராக அலைந்து பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிவுசெய்தார். மனிதன் கருவில் உருவாவதிலிருந்து செத்தபிறகு என்ன ஆகிறான் என்பதுவரை கேட்க 2,087 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். 2,087! நம் கோடாங்கி மூன்றோடு முடித்துக்கொண்டார். உலகப்போர் வந்து அலைச்சல் நின்றது, நாடகம் மிஞ்சியது. அது மேடையேறியதை அன்ஸ்கி பார்க்கவில்லை. 1920 நவம்பரில் இறந்தார், முப்பது நாள் துக்கம் முடிகிற சமயத்தில், டிசம்பரில், வார்சாவில் வில்னா நாடகக் குழுவினர் அதை அரங்கேற்றினார்கள். அன்றைக்குப் பேயோட்டுகிற மிரோபோல் ஊர் ரெபேயாக நடித்த ஆப்ரகாம் மொரேவ்ஸ்கிதான் பதினேழு வருஷம் கழித்துப் படத்திலும் அதே ரெபே.

ரெபே என்றால் குரு, ஊர் ஜனங்களுக்குக் கிட்டத்தட்ட சாமி. லியாவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அவரோ தன் அறையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருக்கிறார். வயதாகிவிட்டது, உடம்பில் தெம்பு இல்லை, என்னிடம் எதற்கு வருகிறார்கள், எனக்கு என்ன தெரியும் என்று. மொரேவ்ஸ்கி இதைச் சொல்லும்போது கண் எங்கேயோ போய்விடுகிறது. பேயோட்டுகிறவர் பயப்படுகிற ஒரே பேய்ப்படம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. உதவியாளர், உங்கள் தாத்தா யார், அப்பா யார் என்று பரம்பரையை எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுத்தபிறகுதான் எழுந்து நிற்கிறார்.

திரைக்குப் பின்னால் ஒரு வாதி

இனிமேல் சொல்வது நாடகத்தில் இருக்கிறபடி. ஊர் ராவ், அதாவது சட்டம் தெரிந்த நீதிபதி, கனவில் மூன்று தடவை நிசனைக் கண்டதாக வந்து சொல்கிறார். சேந்தர்மேல் வழக்குப் போடவேண்டும் என்கிறதாம் அந்த ஆவி. ரெபே உடனே ஒப்புக்கொள்கிறார். உதவியாளரிடம் தன் கைத்தடியைக் கொடுத்து, சுடுகாட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நட, தடி முட்டுகிற முதல் கல்லறையில் மூன்று தடவை தட்டி, உன்னை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல் என்கிறார். அறையின் மூலையில் ஒரு திரை கட்டுகிறார்கள். செத்தவன் அதற்குப் பின்னால் நிற்பான், உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக்கூடாது. மேஜை, நாற்காலி, சாட்சி, நீதிபதிகள் எல்லாம் சரியாக இருக்கிறது. திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, அதாவது நம் கண்ணுக்கு.

ஆவி சொல்வதைக் கேட்டு ராவ் எடுத்துச் சொல்கிறார். வாதி சொல்வது இது: என் மகன் செத்துப்போனான், வாரிசு இல்லை, எனக்குக் காதிஷ் சொல்ல ஆள் இல்லை, என் பேரே பூமியிலிருந்து அழிந்துவிட்டது, இதற்கெல்லாம் காரணம் சேந்தர், என் பையன் அவன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டும் நீ யார் மகன் என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் சத்தியம் ஞாபகம் வந்துவிடும். காதிஷ் என்பது இறந்த தகப்பனுக்காக மகன் சொல்லும் ஜெபம், நம் கணக்கில் திதி கொடுக்க ஆள் இல்லாமல் போவதுபோல. சேந்தர் அழுகிறார். அந்தப் பையனைப் பிடித்திருந்தது, ஆனால் ஏதோ ஒன்று கேட்கவிடாமல் தடுத்தது என்கிறார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இப்படிப் பேசுகிற ஆட்களை நமக்குத் தெரியும், நம் வீட்டிலேயே இருப்பார்கள்.

தீர்ப்பு வருகிறது. சட்டப்படி, உலகில் இன்னும் வராத ஒன்றைப் பற்றிச் செய்த ஒப்பந்தம் செல்லாது, சத்தியம் செய்தபோது குழந்தைகள் கருவில் தரித்திருந்தார்களா என்பது தெரியாது, ஆகவே சேந்தர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லமுடியாது. ஆனாலும் மேலுலகம் அந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே சேந்தர் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும், உயிரோடு இருக்கும்வரை வருஷாவருஷம் நிசனுக்கும் கோனனுக்கும் விளக்கேற்றிச் சொந்தப் பிள்ளைபோல் காதிஷ் சொல்லவேண்டும். செத்தவன் சேந்தரை மன்னிக்கும்படியும், தன் மகனை அந்தப் பெண்ணை விட்டு வெளியே வரச்சொல்லும்படியும் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் ஆமென் என்கிறார்கள். திரையை எடுக்கிறார்கள், கூட்டம் கலைகிறது, பேயோட்டும் ஏற்பாடு நடக்கிறது, கறுப்பு மெழுகுவர்த்தி, கொம்பு ஊதுகிறவர்கள். அப்போதுதான் ஒருவர் இன்னொருவரிடம் மெல்லச் சொல்கிறார்: கவனித்தீர்களா, செத்தவன் மன்னித்ததாகச் சொல்லவே இல்லை. தீர்ப்புக்கு ஆமென்னும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். அதை யாரும் ரெபேயிடம் போய்ச் சொல்வதில்லை. சொன்னால் என்ன செய்வது? வழக்கு முடிந்தது, பதிவாகிவிட்டது. வாதி ஒப்புக்கொள்ளாத தீர்ப்பை வைத்துக்கொண்டு கொம்பு ஊதுகிறார்கள். ஊதி ஊதி, கோனனின் ஆவியும் கடைசியில் போகிறது, சட்டம் தோற்கவில்லை. ஆனால் போனவன் தூரத்தில் நின்று கூப்பிட, அவளைச் சுற்றிக் காவலுக்குப் போட்டிருந்த வட்டத்தைத் தாண்டி லியா தானே அவனிடம் போகிறாள், வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் மேளதாளம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

எனக்கு உறுத்தியது அந்த ஆமென் மட்டும் இல்லை. நிசனின் வழக்கில் அவன் வாரிசு இருக்கிறது, சேந்தரின் பதிலில் அவர் மனசாட்சி இருக்கிறது, தீர்ப்பில் ஏழைகளுக்குக்கூடப் பங்கு இருக்கிறது. லியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள்தான் வழக்குச் சொத்து. இத்தனைக்கும் 'நீ என் மாப்பிள்ளை இல்லை' என்று கத்தினாளே, அது கோனனின் ஆவி வாய்திறப்பதற்கு முன்பு. அது யார் சொன்னது? பேய் சொன்னது என்று வைத்துக்கொண்டால் ஊருக்கு வசதி. அவளே சொன்னாள் என்று வைத்துக்கொண்டால் அதற்கு அந்த ஊரில் மருந்து கிடையாது, கொம்பும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. பெண் தன் விருப்பத்தை உரக்கச் சொல்ல இரவல் குரல் ஒன்று வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் அக்காவுக்குத் தூக்கில் தொங்கியவனின் பேர் வேண்டியிருந்ததுபோல. அந்தப் பேரை அவள் தன் வாயால் சொல்லக்கூடிய ஒரே நேரம் உடுக்கை அடித்த அந்த நேரம்தான் என்று இப்போது தோன்றுகிறது. கோழி கேட்டது யார் என்றும் தோன்றுகிறது.

இதெல்லாம் இன்றைய கண்ணாடி போட்டுப் பார்ப்பது என்று நண்பன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அன்ஸ்கி நாடகத்துக்கு முதலில் வைத்த பேர் 'இரண்டு உலகங்களுக்கு நடுவே' என்பது. நடுவே நிற்பது அவள்தானே.

படத்தை எடுத்த மிஹாவ் வஷின்ஸ்கியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கோவெல் என்ற ஊரில் மோஷே வாக்ஸாகப் பிறந்து, பேரையும் மதத்தையும் மாற்றிக்கொண்டு, முப்பதுகளில் வருஷத்துக்கு நாலைந்து போலிஷ் படம் என்று தயாரித்துத் தள்ளியவர். அவசரத்தில் எடுத்ததால் இந்தப் படத்திலும் ஒட்டுத்தாடி தெரிகிற இடங்கள் உண்டு. போருக்குப் பிறகு இத்தாலி, ஸ்பெயின் என்று போய், போலந்துப் பிரபு என்று சொல்லிக்கொண்டு பெரிய ஹாலிவுட் சரித்திரப் படங்களின் தயாரிப்பில் இருந்து, 1965-ல் மாட்ரிட்டில் இறந்தார். பழசையெல்லாம் துடைத்துவிட்ட இந்த மனிதர் கடைசிக் காலத்தில் இந்த ஒரு படத்தின் பிரதியைத் தேடிக்கொண்டே இருந்தாராம், அவரைப் பற்றி 2017-ல் வந்த ஆவணப்படம் சொல்கிறது. வெளிப்புறக் காட்சிகள் எடுத்த காஜிமியெஷ் டோல்னி என்ற ஆற்றங்கரை ஊரில் அப்போது ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்கள், 1942-க்குப் பிறகு அவர்களில் யாரும் அங்கே இல்லை. வழிப்போக்கனாக நடித்த சாம்பர்க் 1943-ல் நாஜி முகாமில் கொல்லப்பட்டார். படத்தில் ஜெபம் பாடிய கெர்ஷோன் சிரோட்டா அதே வருஷம், யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் இறந்தார். கோனனும் லியாவுமாக நடித்த லெயோன் லீப்கோல்டும் லிலி லிலியானாவும் நிஜத்தில் கணவன் மனைவி. போருக்குமுன் ஒரு படத்துக்காக அமெரிக்கா போனதால் பிழைத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பிச்சைக்காரர்கள் நடனத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், துணை நடிகர்களின் முகமாக நிறுத்தி நிறுத்தி. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

போன வாரம் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பூண்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சப்டைட்டிலை அவள் படிக்கமாட்டாள். பந்தலில் லியா எழுந்து கத்துகிற இடம் வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளையப் பிடிக்கல போல" என்றாள்.

இல்லம்மா, பேய் பிடிச்சிருக்கு என்று ஆரம்பித்து, கதை முழுவதையும் சொன்னேன், சத்தியம், சாவு, திரை, தீர்ப்பு எல்லாம். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்காவைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

"அந்த அப்பன்காரன் பாதிச் சொத்தக் குடுத்தானா?"

"அதைக் காட்டலம்மா."

"காட்டமாட்டாங்க" என்றுவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள்.